வலைச்செயலியில் நிகழ்ச்சி நாட்காட்டியைச் சேர்த்தல்: தரவுத்தளம் முதல் திரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்றை வலைப்பக்கத்தில் காட்டுவதற்குத் தேவையான நிரல் சில பத்து வரிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த நாட்காட்டியில் ஒருவர் நிகழ்ச்சியை இழுத்து வேறு நாளில் விடலாம், இருவர் ஒரே அரங்கை ஒரே நேரத்துக்குப் பதிவு செய்ய முயலலாம், டொராண்டோவில் இருக்கும் ரசிகர் சென்னைக் கச்சேரியின் நேரத்தைத் தேடி வரலாம் என்ற நிலை வந்தவுடன் சிக்கல்கள் தொடங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை திரையில் தோன்றினாலும், நேரத்தைச் சேமித்த முறையிலும் சர்வர் எதைச் சரிபார்க்கத் தவறியது என்பதிலும்தான் அவற்றின் வேர் இருக்கும். ஆகையால் இந்த வழிகாட்டி வழக்கமான வரிசையை மாற்றி, தரவுத்தளத்தில் தொடங்கித் திரைக்கு வருகிறது.

எடுத்துக்காட்டாகச் சென்னையில் உள்ள ஒரு சபாவின் செயலியை மனத்தில் வைத்துக்கொள்வோம். அதற்குப் பெரிய அரங்கு ஒன்றும் சிறிய அரங்கு ஒன்றும் உள்ளன. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இசைவிழா நடக்கிறது; மற்ற மாதங்களில் வாரந்தோறும் பாட்டு வகுப்புகள் உண்டு; சில கச்சேரிகள் வெளிநாட்டு ரசிகர்களுக்காக இணையத்தில் நேரலையாகவும் செல்கின்றன. பொதுமக்கள் பார்க்க மட்டுமே முடியும். அலுவலக ஊழியர்கள் சேர்க்கவும் மாற்றவும் முடியும். உலாவியில் ஃபுல்காலண்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியையும், தரவுத்தளமாகப் போஸ்ட்கிரெஸையும் எடுத்துக்கொள்கிறேன். சர்வர் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் கீழே சொல்பவை பொருந்தும்.

முதலில், நேரத்தைச் சேமிக்கும் முறை

நிகழ்ச்சிகளுக்கான அட்டவணையில் அடையாள எண், தலைப்பு, அரங்கு எண், தொடக்கம், முடிவு, முழுநாள் நிகழ்ச்சியா என்ற குறி, நிலை, பதிப்பு எண், நேர மண்டலத்தின் பெயர் ஆகியவை இருக்கட்டும். நிலை என்பது உறுதியானது, தற்காலிகமானது, ரத்தானது என மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பதிப்பு எண்ணும் மண்டலப் பெயரும் எதற்கு என்பது பின்னால் விளங்கும்.

குறிப்பிட்ட மணிக்கு நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போஸ்ட்கிரெஸில் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்' வகையைப் பயன்படுத்த வேண்டும். இதன் பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். இந்த வகை நேர மண்டலத்தைச் சேமிப்பதில்லை. நாம் தரும் நேரத்தை யுடிசி எனும் உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்துவிட்டு, கேட்கும்போது இணைப்பின் மண்டலத்துக்கு ஏற்ப மாற்றித் தருகிறது, அவ்வளவே. நிகழ்ச்சி எந்த ஊரின் நேரப்படி திட்டமிடப்பட்டது என்ற செய்தி தேவையென்றால், 'ஆசியா/கொல்கத்தா' போன்ற பெயரைத் தனி நெடுவரிசையில் வைத்தாக வேண்டும். அங்கே யுடிசியிலிருந்து +05:30 என்ற இடைவெளியை மட்டும் எழுதி வைப்பது போதாது, ஏனெனில் இடைவெளிகள் மாறக்கூடியவை. இலங்கை 1996இல் தன் கடிகாரத்தை இருமுறை மாற்றியது. 2006இல் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. மண்டலத்தின் பெயரைச் சேமித்திருந்தால், இத்தகைய மாற்றங்களை, உலக நேர விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் மண்டலத் தரவுத்தளமே கவனித்துக்கொள்ளும்.

முழுநாள் நிகழ்ச்சிகளுக்கு இந்த வகையைப் பயன்படுத்தக் கூடாது. பொங்கல் விடுமுறை என்பது ஒரு தேதி. அதற்கு மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. அதை நள்ளிரவு 12 மணி என்று சேமித்தால், வேறு மண்டலத்தில் திறக்கப்படும் உலாவியில் அது முந்தைய நாளுக்கு நழுவும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த நழுவல் இரு திசையிலும் நடக்கிறது. தேதியை மட்டும் கொண்ட சரத்தை (எழுத்துத் தொடரை) கொடுத்தால், 'டேட்' அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. சென்னையில் அது அதே நாள் காலை 5:30 ஆவதால் பிழை வெளியே தெரிவதில்லை, டொராண்டோவிலோ முந்தைய நாள் மாலை ஆகிவிடுகிறது. நேர்மாறாக, சென்னையில் ஜனவரி 15 நள்ளிரவைக் குறிக்கும் பொருளை 'டு ஐஎஸ்ஓ ஸ்டிரிங்' மூலம் சரமாக்கி முதல் பத்து எழுத்துகளை வெட்டியெடுத்தால், ஜனவரி 14 என்ற விடை வரும். இந்திய நிரலாளர்கள் மிக அதிகமாகச் சந்திக்கும் தேதிப் பிழை இதுவாகத்தான் இருக்கும். முழுநாள் நிகழ்ச்சிக்குப் போஸ்ட்கிரெஸின் 'டேட்' வகையில் தனி நெடுவரிசைகள் வைத்து, தேதியைத் தொடக்கம் முதல் இறுதி வரை சரமாகவே கையாள்வது பாதுகாப்பானது.

அடுத்து, முடிவு நேரத்தைப் பற்றிய விதி. ஃபுல்காலண்டரிலும், நாட்காட்டிச் செயலிகள் நிகழ்ச்சிகளைப் பரிமாறப் பயன்படுத்தும் ஐகாலண்டர் தரத்திலும், போஸ்ட்கிரெஸின் வரம்பு வகைகளிலும் முடிவு என்பது நிகழ்ச்சியில் அடங்காத முதல் கணமே ஆகும். 2026 ஜனவரி 15 முதல் 17 வரை மூன்று நாள் விடுமுறையைக் காட்ட வேண்டுமானால், முடிவை 18 என்று தர வேண்டும். 17 என்று தந்தால் இரண்டு கட்டங்களே நிரம்பும். பயனர் நிரப்பும் படிவத்தில் 17 என்று காட்டி, சேமிக்கும் இடத்தில் ஒரு நாள் கூட்டுவதையும், திரும்பக் காட்டும் இடத்தில் ஒரு நாள் கழிப்பதையும் ஒரே ஒரு செயற்கூறில் வைத்துவிடுங்கள். அது இரண்டு மூன்று இடங்களில் சிதறினால், நிகழ்ச்சியைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒரு நாள் நீண்டுகொண்டே போகும்.

இரட்டைப் பதிவைத் தடுத்தல்

மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஒரு கச்சேரியும், 6 மணிக்கு அடுத்ததும் இருந்தால் அவை மோதுவதில்லை. முடிவு அடங்காது என்ற விதியின் பயன் இங்கே தெரிகிறது. ஏற்கெனவே உள்ள நிகழ்ச்சியின் தொடக்கம் புதியதன் முடிவுக்கு முன்பாகவும், அதன் முடிவு புதியதன் தொடக்கத்துக்குப் பின்பாகவும் இருந்தால் இரண்டும் மோதுகின்றன. இந்த ஒரே நிபந்தனை எல்லா வகை மோதலுக்கும் போதும். உள்ளடங்கியது, முன்னால் நீட்டியது, பின்னால் நீட்டியது என்று தனித்தனிக் கிளைகள் எழுதத் தேவையில்லை.

ஆனால் முதலில் தேடிப் பார்த்து, காலியாக இருந்தால் சேர்ப்பது என்ற முறை மட்டும் போதாது. இரு ஊழியர்கள் ஒரே கணத்தில் சேமித்தால், இருவருடைய தேடலும் காலி என்று சொல்லும். இரண்டு பதிவுகளும் உள்ளே போகும். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே விலக்குக் கட்டுப்பாடு உள்ளது. அரங்கு எண் சமமாகவும் நேர வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிவனவாகவும் இருக்கும் இரண்டு வரிசைகள் அட்டவணையில் இருக்கக் கூடாது என்று தரவுத்தளத்திடமே சொல்லிவிடலாம். அரங்கு எண்ணையும் வரம்பையும் ஒரே ஜிஸ்ட் குறியீட்டில் (வரம்புகளைத் தேட உதவும் இன்டெக்ஸ் வகை) சேர்ப்பதற்கு 'பிட்ரீ ஜிஸ்ட்' நீட்சியை முதலில் நிறுவ வேண்டும். ரத்தான நிகழ்ச்சிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டிராமல் இருக்க, நிலையைப் பற்றிய ஒரு நிபந்தனையையும் கட்டுப்பாட்டில் சேர்க்க வேண்டும். மோதல் ஏற்பட்டால் 23பி01 என்ற பிழை எண் வரும். சர்வர் அதைப் பிடித்து, மோதலைக் குறிக்கும் 409 என்ற எச்டிடிபி நிலையோடு, எந்த நிகழ்ச்சியோடு மோதுகிறது என்ற செய்தியையும் அனுப்பட்டும். திரையில் செய்யப்படும் சரிபார்ப்பு பயனரின் வசதிக்காக மட்டுமே.

நிகழ்ச்சிகளைத் தரும் ஏபிஐ

எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரேயடியாக அனுப்பும் ஏபிஐ (உலாவி கேட்கும் தரவைச் சர்வர் தரும் வாயில்) முதல் ஆண்டில் நன்றாகவே இயங்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பக்கம் கனத்துப்போகும். ஃபுல்காலண்டரில் நிகழ்ச்சிகளுக்கான முகவரியைக் கொடுத்துவிட்டால், திரையில் தெரியும் காலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அதுவே கோரிக்கையில் சேர்த்து அனுப்புகிறது. மாதக் காட்சியில் வழக்கமாக ஆறு வாரங்கள் தெரிவதால், டிசம்பரைத் திறந்தாலும் நவம்பர் இறுதியும் ஜனவரித் தொடக்கமும் சேர்ந்து 42 நாள்களுக்கான கோரிக்கை வரும். மேலே சொன்ன அதே மோதல் நிபந்தனையைக் கொண்டுதான் இங்கும் தேட வேண்டும். தொடக்கம் இந்தக் காலத்துக்குள் உள்ளதா என்று மட்டும் பார்த்தால், முந்தைய மாதம் தொடங்கி இந்த மாதம் வரை நீளும் நிகழ்ச்சி காணாமல் போகும்.

முகவரியை நீங்களே ஒட்டித் தயாரிப்பவராக இருந்தால் ஓர் எச்சரிக்கை: +05:30 என்பதில் உள்ள கூட்டல் குறி, முறையாகக் குறியாக்கம் செய்யப்படாவிட்டால், சர்வரில் வெற்றிடமாக வாசிக்கப்படும். அமெரிக்காவில் இடைவெளிகள் கழித்தல் குறியோடு வருவதால் அங்கே சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை தென்படுவதே இல்லை. உலாவியின் 'யுஆர்எல் சர்ச் பாராம்ஸ்' வழியாக மதிப்புகளைச் சேர்த்தால் இது தானாகவே சரியாகிவிடும்.

பதிலாக வரும் ஜேசன் என்ற தரவு வடிவில் அடையாளம், தலைப்பு, தொடக்கம், முடிவு, முழுநாள் குறி ஆகியவற்றை லைப்ரரி தானே புரிந்துகொள்ளும். அரங்கின் பெயர், பாடகர், பதிப்பு எண் போன்று அது அறியாத புலங்கள் அனைத்தும் 'எக்ஸ்டென்டட் ப்ராப்ஸ்' என்ற பகுதிக்குள் போய்ச் சேரும். பொதுமக்களுக்குச் செல்லும் பதிலில் தற்காலிகப் பதிவுகளும் கலைஞரின் தொலைபேசி எண் போன்ற உள் விவரங்களும் இருக்கவே கூடாது. அவற்றை அனுப்பிவிட்டுத் திரையில் மறைப்பது மறைப்பே ஆகாது.

திரையில் நாட்காட்டி

ஃபுல்காலண்டரின் அடிப்படைப் பகுதிகள் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கின்றன. நான்காம் பதிப்பிலிருந்து அதற்கு ஜேகுவரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி தேவையில்லை. ரியாக்ட், வியூ, ஆங்குலர் ஆகிய திரை உருவாக்கும் கருவிகளுக்கு இணைப்புப் பொதிகளும் உண்டு. அரங்குகளைப் பக்கம்பக்கமாக நெடுவரிசைகளாகக் காட்டும் காட்சி மட்டும் கட்டணப் பிரிவில் உள்ளது. இரண்டே அரங்குகள் உள்ள சபாவுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து. அரங்குக்கு ஒரு நிறமும் மேலே ஒரு வடிகட்டியும் போதும். பத்து அரங்குகள் கொண்ட மாநாட்டு மையமாக இருந்தால் கணக்கு மாறும்.

மாதக் கட்டம், நேரக் கட்டம், பட்டியல், ஊடாட்டம் ஆகியவற்றுக்கான நான்கு செருகுநிரல்களை நிறுவி, பக்கத்தில் ஒரு காலி உறுப்பை வைத்து, அதில் நாட்காட்டியை உருவாக்கி, இறுதியில் 'ரெண்டர்' என்பதை அழைக்க வேண்டும். தொடக்கக் காட்சி, மேல்பட்டையில் இருக்க வேண்டிய பொத்தான்கள், நிகழ்ச்சிகளின் முகவரி ஆகிய மூன்றையும் கொடுத்தவுடன் நாட்காட்டி தெரியத் தொடங்கும். தமிழுக்கான மொழிக் கோப்பும் அதனுடனேயே வருகிறது. அதைச் சேர்த்தபின், வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை 'ஃபர்ஸ்ட் டே' அமைப்பில் 0 என்று கொடுத்து, நம் வீட்டுச் சுவர் நாட்காட்டிகளைப் போல ஞாயிறில் தொடங்கும்படி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் ஆறு கச்சேரிகள் வரும் மார்கழியில் கட்டங்கள் வீங்காமல் இருக்க 'டே மேக்ஸ் ஈவண்ட்ஸ்' அமைப்பை இயக்கினால், மிஞ்சியவை ஒரு சிறு இணைப்புக்குள் மடங்கும். நேரக் கட்டத்தின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் சபா திறந்திருக்கும் வேளைக்குள் சுருக்கினால், நள்ளிரவு முதல் விடியல் வரையான வெற்று வரிகளைக் கடந்து வர வேண்டிய தொல்லை இராது.

கட்டங்களில் ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியையும் காட்ட விரும்புவோர் பலர். 'டே செல் கன்டென்ட்' என்ற அமைப்பு அதற்கு இடம் தருகிறது. ஆனால் உலாவியின் தேதி வசதியில் 'இந்தியன்' என்ற பெயரில் கிடைக்கும் நாட்காட்டி, 1957இல் அரசு ஏற்ற சக ஆண்டு முறையே. அது மார்கழி 1 எது என்று சொல்லாது. தமிழ் மாதங்கள் சூரியன் ராசிக்குள் நுழையும் நேரத்தைக் கொண்டு தொடங்குவதாலும், 29 முதல் 32 நாள் வரை மாறுவதாலும், வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வேறுபாடு நேர்வதாலும், கணக்கிட முயல்வதைவிடச் சபா பின்பற்றும் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டு மாதத் தொடக்கங்களை ஓர் அட்டவணையில் எழுதிவைப்பதே நல்லது.

இழுத்தல், நீட்டல், சேர்த்தல்

'எடிட்டபிள்' என்ற அமைப்பை இயக்கினால் நிகழ்ச்சிகளை இழுத்து நகர்த்தலாம், அடிவிளிம்பைப் பிடித்து நீட்டலாம். 'செலக்டபிள்' என்பதை இயக்கினால் காலி இடத்தில் சுட்டியை இழுத்து ஒரு காலப்பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது புதிய நிகழ்ச்சிக்கான படிவம் அந்த நேரங்களோடு திறக்கும்படி செய்ய வேண்டும். இவற்றை ஊழியராக உள்நுழைந்தவருக்கு மட்டும் இயக்குங்கள். அதே வேளையில், மாற்றக் கோரிக்கை ஒவ்வொன்றிலும் அனுமதியைச் சர்வரும் மறுபடி சரிபார்க்க வேண்டும்; உலாவியின் நிரலாளர் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் இந்த அமைப்பை மாற்றிவிட முடியும்.

நிகழ்ச்சி புதிய இடத்தில் விடப்பட்டவுடன் 'ஈவண்ட் டிராப்' அழைக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் திரை ஏற்கெனவே மாறிவிட்டது, தரவுத்தளம் இன்னும் மாறவில்லை. ஆகவே இங்கே மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். புதிய தொடக்கத்தையும் முடிவையும் பதிப்பு எண்ணோடு சர்வருக்கு அனுப்ப வேண்டும். வெற்றி என்றால் சர்வர் தந்த புதிய பதிப்பு எண்ணை நிகழ்ச்சியில் பதிய வேண்டும். தோல்வி என்றால் 'ரிவர்ட்' என்பதை அழைத்து நிகழ்ச்சியைப் பழைய இடத்துக்கே அனுப்பி, காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். இணைய இணைப்பு அறுந்துபோவதும் தோல்வியே. அதைக் கையாளாமல் விட்டால், நேரத்தை மாற்றிவிட்டோம் என்று ஊழியர் நம்பியிருக்க, ரசிகர்கள் பழைய நேரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீட்டுவதற்கான 'ஈவண்ட் ரீசைஸ்' என்பதற்கும் இதே நடைமுறைதான்.

பதிப்பு எண்ணின் வேலை இங்கே விளங்கும். அலுவலகத்தில் இருவர் ஒரே நாட்காட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் கச்சேரியை ஏழு மணிக்கு மாற்றிய பிறகு, மற்றவர் தம் பழைய திரையிலிருந்து அதையே சிறிய அரங்குக்கு மாற்றுகிறார். சர்வர் தான் வைத்திருக்கும் எண்ணும் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மாற்றத்தை ஏற்று எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். இல்லையென்றால் மறுத்து, திரையைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்.

முடிவு நேரம் தரப்படாத நிகழ்ச்சியில் இன்னொரு பொறி இருக்கிறது. லைப்ரரி அதை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகக் காட்டினாலும், நிரலில் அதன் முடிவு வெறுமையாகவே இருக்கும். முழுநாள் வரிசையிலிருந்து நேரக் கட்டத்துக்கு இழுத்தாலும் இதே நிலைதான். ஆகவே முடிவு வெறுமையாக வந்தால் என்ன செய்வது என்பதை எழுதியே தீர வேண்டும். எல்லா நிகழ்ச்சிகளுக்கும் முடிவைக் கட்டாயமாக்கும் 'ஃபோர்ஸ் ஈவண்ட் டியூரேஷன்' அமைப்பை இயக்கிவிடுவது எளிய வழி.

தலைப்பை லைப்ரரி வெறும் எழுத்தாகவே காட்டுவதால் அதில் ஆபத்தில்லை. அழகுபடுத்துவதற்காக 'ஈவண்ட் கன்டென்ட்' வழியாக எச்டிஎம்எல் சரத்தை நேரடியாகக் கொடுக்கும்போதுதான், தலைப்புப் புலத்தில் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாருடைய உலாவியிலும் ஓடும் வாய்ப்பு உண்டாகிறது.

கைப்பேசியில் ஏழு நெடுவரிசைகள் படிக்கக்கூடியவை அல்ல. சிறிய திரையில் பட்டியல் காட்சியைத் தொடக்கமாக வையுங்கள். தொடுதிரையில் இழுப்பதற்கு முன் ஒரு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது லைப்ரரியின் இயல்பு. அதைக் குறைத்தால், பக்கத்தை நகர்த்த வந்த விரல் கச்சேரியை நகர்த்திவிடும். சுட்டியைப் பிடித்து இழுக்க இயலாதவர்களும், விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். 2023இல் வெளியான டபிள்யுசிஏஜி 2.2 அணுகல் விதிகள், இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி வேண்டும் என்கின்றன. தேதியையும் நேரத்தையும் மாற்றும் ஒரு சாதாரணப் படிவம் இதற்குப் போதுமானது. நடைமுறையில் ஊழியர்களும் துல்லியமான மாற்றங்களுக்கு அந்தப் படிவத்தையே நாடுவார்கள்.

யாருடைய கடிகாரம்?

ஃபுல்காலண்டர் இயல்பாகப் பார்ப்பவரின் கணினி நேரத்தைக் காட்டுகிறது. சென்னையில் மாலை 6:30க்குத் தொடங்கும் கச்சேரி டிசம்பரில் சிங்கப்பூரில் இரவு 9:00, லண்டனில் பிற்பகல் 1:00, டொராண்டோவில் காலை 8:00 என்று தெரியும். நேரலை பார்ப்பவருக்கு இது சரி. விமானமேறி வந்து அரங்கில் கேட்க நினைப்பவரை இது குழப்பும். அரங்கின் நேரத்தையே கட்டத்தில் காட்டி, 'சென்னை நேரம்' என்று மேலே எழுதி, நிகழ்ச்சியைத் தொட்டவுடன் திறக்கும் பெட்டியில் பார்ப்பவரின் நேரத்தையும் சேர்த்துக் காட்டுவதை நான் பரிந்துரைப்பேன். இதற்கு நேர மண்டலத்தை 'ஆசியா/கொல்கத்தா' என்று அமைத்து, நேரக் கணக்கீட்டுக்கான லக்ஸான் செருகுநிரலையும் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் பெயருள்ள மண்டலத்தை வைத்தால், இடைவெளிகளைச் சரியாகக் கணக்கிட லைப்ரரியால் முடியாது.

பார்ப்பவரின் மண்டலத்தை உலாவியிடமே கேட்கலாம். ஆனால் இந்தியாவில் குரோம் உலாவி 'ஆசியா/கல்கத்தா' என்ற பழைய பெயரைத் தரக்கூடும். இரு பெயர்களையும் சரங்களாக ஒப்பிட்டு 'நீங்கள் வேறு மண்டலத்தில் இருக்கிறீர்கள்' என்று அறிவிக்கும் செயலி, மயிலாப்பூர்க்காரரிடமும் அதையே சொல்லும். பெயரை ஒப்பிடாமல், நிகழ்ச்சி நடக்கும் கணத்தில் இரு மண்டலங்களின் இடைவெளியும் ஒன்றா என்று பாருங்கள்.

மீண்டும் மீண்டும் வரும் நிகழ்ச்சிகள்

வாரந்தோறும் செவ்வாய் மாலை வகுப்பு என்பது எளிதாகத் தோன்றும். விதியை ஐகாலண்டர் தரத்தின் 'ஆர்ரூல்' வடிவில் சேமித்து, கேட்கும் காலத்துக்கு மட்டும் சர்வர் அதை விரிப்பது பொதுவான வழி. அதன் கடினம் விதியில் இல்லை, விலக்குகளில் இருக்கிறது. ஒரு செவ்வாய் ரத்தாகிறது, ஒன்று புதனுக்குப் போகிறது, ஒரு தேதிக்குப் பிறகு எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகின்றன. ஒவ்வொரு திருத்தத்திலும் 'இது மட்டுமா, இனி வருபவையுமா, அனைத்துமா' என்று பயனரைக் கேட்டு, அதற்கேற்ப விலக்கு எழுத வேண்டும் அல்லது விதியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேலும், விரிக்கப்படாத விதிகளை மேலே சொன்ன விலக்குக் கட்டுப்பாடு பார்ப்பதில்லை. வகுப்பும் கச்சேரியும் ஒரே அரங்கில் மோதலாம்.

இதனால், முடிவுத் தேதி தெரிந்த தொடர்களுக்கு நான் வேறு வழியையே தேர்வேன். ஒரு பருவத்தின் இருபது வகுப்புகளையும் இருபது வரிசைகளாகவே எழுதி, அவற்றைப் பிணைக்க ஒரு தொடர் எண் கொடுத்தால், மோதல் சோதனை தானாக நடக்கும், ஒன்றை மட்டும் நகர்த்துவதும் சாதாரண மாற்றமாகிவிடும். முடிவே இல்லாத தொடர்கள் உண்மையாகவே தேவைப்படும்போது விதிகளுக்குப் போகலாம்.

விரிக்கும்போது எந்த ஊரின் கடிகாரம் அடிப்படை என்பதைக் கவனிக்க வேண்டும். டொராண்டோவில் இருக்கும் ஆசிரியர் தம் ஊர் நேரப்படி காலை 8 மணிக்கு இணைய வகுப்பு எடுத்தால், சென்னை மாணவருக்கு அது குளிர்காலத்தில் மாலை 6:30, கோடையில் 5:30. முதல் வகுப்பின் யுடிசி நேரத்தோடு ஏழேழு நாளாகக் கூட்டிக்கொண்டே போனால், 2026 நவம்பர் 1 அன்று கனடாவில் கடிகாரம் மாறிய பிறகு ஆசிரியருக்கே நேரம் பிசகும். உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே யுடிசிக்கு மாற்ற வேண்டும். சோதிக்கும்போது கணினியின் மண்டலத்தை டொராண்டோவுக்கு மாற்றி, இந்த நாளின் இரு பக்கத்து வாரங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சந்தா ஓடை

ரசிகர்கள் கூகுள் நாட்காட்டியிலோ ஐஃபோனிலோ சபாவின் நிகழ்ச்சிகளைச் சேர்த்துக்கொள்ள ஓர் ஐகாலண்டர் முகவரியும் கொடுக்கலாம்; அந்த முகவரி தரும் நிகழ்ச்சித் தொகுப்பே சந்தா ஓடை. 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 என்ற தரமே இதன் வடிவத்தை வரையறுக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் என்றும் மாறாத அடையாளம் ஒன்று வேண்டும்; ஓடையைத் தயாரிக்கும்போதெல்லாம் புதிய அடையாளம் உருவாக்கினால், சில நாட்காட்டிகளில் ஒரே கச்சேரி பலமுறை தோன்றும். ஒரு வரி 75 பைட்டுகளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அடுத்த வரியில் ஒரு வெற்றிடத்தோடு தொடர வேண்டும் என்கிறது தரம். எழுத்துகளை எண்ணி மடிக்கும் நிரல் ஆங்கிலத்தில் சரியாக ஓடும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட்டுகள் எடுப்பதால், 'கொ' போன்ற ஓர் எழுத்தே ஆறு பைட்டுகள் ஆகிறது. அங்கே வரி எல்லை மீறும். பைட்டுகளைக் கண்மூடித்தனமாக வெட்டினாலோ எழுத்தின் நடுவே முறிந்து, சில செயலிகளில் தலைப்பு சிதைந்து தெரியும். பைட்டுகளை எண்ணி, எழுத்தின் எல்லையில் மடிக்க வேண்டும்.

ரத்தான கச்சேரியை ஓடையிலிருந்து உடனே நீக்கிவிடாதீர்கள். நிலையை ரத்து என்று குறித்து, திருத்தத்தைக் காட்டும் வரிசை எண்ணை ('சீக்வென்ஸ்') கூட்டி, நிகழ்ச்சித் தேதி கடக்கும் வரை அதை ஓடையில் வைத்திருங்கள். சந்தா நாட்காட்டிகள் தம் விருப்பப்படி சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஓடையைப் புதுப்பிக்கின்றன. அதனால் அன்றைய நாளில் செய்யப்படும் மாற்றங்களைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ தனியே அனுப்புவதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.